கால் எடுத்தபின் ரத்த உறைவு: கேள்வி பதில்

கே: அப்பாவுக்கு முழங்காலுக்கு மேலே எடுத்தாயிற்று. இனி நல்ல காலை மட்டும் கவனித்தால் போதுமா?

ப: போதாது. மிச்சமிருக்கும் தொடையிலும் ரத்தம் உறையலாம். வெட்டிய இடத்தில் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, கட்டிவிடுவதால் அங்கே ரத்தம் தேங்கும். அதை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைச்சதையும் போய்விட்டது. பற்றாக்குறைக்குப் படுக்கை வேறு. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவருக்கு, முந்தின நாள் சுலபமாக நுழைந்த செயற்கைக் கால் காலையில் ஏறவில்லை. “வெயிட் போட்டுட்டேன் போல” என்று சிரித்தார். டேப் வைத்துப் பார்த்தால் தொடை 3 செ.மீ. கூடியிருந்தது. ஸ்கேனில் உறைவு. தினமும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

கே: ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி எத்தனை நாள்?

ப: ரத்தப்போக்கு அபாயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

கே: சர்க்கரை நோயால் கால் போனது. உறைவைத் தடுக்க மற்றக் காலுக்கு இறுக்கமான காலுறை போடலாமா?

ப: கேட்காமல் வேண்டாம். ஒரு காலின் தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்திருந்தால் மற்றதிலும் அடைப்பு இருக்கலாம். இறுக்கினால் போகிற கொஞ்ச ரத்தமும் குறைந்து புண்ணாகும். முதலில் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையால் தமனி சுண்ணாம்பேறி இறுகியிருந்தால் அந்த அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். அப்போது கால்விரலில் அளப்பார்கள்.

கே: விபத்தில் ஒரு கால் போன நான் ஒரு வருடமாக மற்றக் காலுக்கு அந்தக் காலுறை போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ப: உங்களுக்குக் கால் போனது விபத்தில், சர்க்கரை நோயால் அல்ல. உங்கள் தமனி வேறு, முன்பு கேட்டவருடையது வேறு.

கே: அப்படியானால் வெட்டிய காலுக்கு மட்டும் ஏன் எலாஸ்டிக் கட்டு? அதுவும் இறுக்கம்தானே?

ப: சரி, இது நியாயமான சண்டை. அது வீக்கம் வடிய, வடிவம் வர. நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. எட்டுப் போலச் சாய்த்துச் சுற்ற வேண்டும். மேலே இறுகினால் கயிறு கட்டியது போல ரத்தம் கீழேயே நிற்கும். கட்டத் தெரிந்தவர் ஒருமுறை காட்டட்டும்.

கே: படுக்கையில் என்ன பயிற்சி?

ப: விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை நல்ல காலின் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். டாக்டர் அனுமதித்ததும் எழுந்து உட்காருங்கள். வெட்டிய காலுக்குக் கீழே தலையணை வேண்டாம், மூட்டு மடங்கி இறுகிவிடும்.

கே: கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, அமுக்கிவிடலாமா?

ப: கூடாது. உறைவாக இருந்தால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இன்றே ஸ்கேன்.

கே: எண்ணெய் போட்டு லேசாக...?

ப: லேசாகவும் கூடாது.

கே: நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, நெஞ்சு குத்துகிறது. வாயுவா?

ப: பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இப்போதே.