இசைக் கேள்விகள்: ஸ்காவுக்குள் நுழைய எது வாசல்?

கே: யூடியூபில் எதையோ தேடப்போய் ‘மேட்னஸ்’ குழுவின் ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அதைத்தான் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி இசைக்குப் பெயர் ஸ்கா என்றார்கள். தேடினால் ‘கேட்டே ஆக வேண்டிய நூறு குழுக்கள்’ என்று பட்டியல் பட்டியலாக வருகிறது, தலை சுற்றுகிறது. எங்கே ஆரம்பிப்பது?
- வாசகர், திருச்சி

ப: உங்கள் கையில் இருக்கும் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், பட்டியலை மூடி வையுங்கள். ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ மேட்னஸின் சொந்தப் பாட்டு இல்லை. ஜமைக்காக்காரரான பிரின்ஸ் பஸ்டர் அறுபதுகளின் நடுவில் போட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்தது அது. 1979இல் லண்டன் பையன்கள் எடுத்து வாசித்து உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். ‘மேட்னஸ்’ என்ற பெயரே பஸ்டரின் இன்னொரு பாட்டிலிருந்து எடுத்ததுதான், அவர்களுடைய முதல் சிங்கிளான ‘தி பிரின்ஸ்’ அவருக்குப் போட்ட கும்பிடு.

இப்போது அதே இசைத்தட்டின் முன்பக்கத்துக்கு வாருங்கள். அதில் இருந்தது ‘அல் கபோன்’. கார் டயர் கிறீச்சிடும் சத்தத்தோடு ஆரம்பிக்கும். அதையும் அதே 1979இல் கோவென்ட்ரி நகரத்துக் குழுவான ‘தி ஸ்பெஷல்ஸ்’ எடுத்து, புது வரிகள் போட்டு, ‘கேங்ஸ்டர்ஸ்’ என்று தங்கள் முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள். அந்த டயர் சத்தத்தைக்கூட விடவில்லை, பஸ்டரின் பதிவிலிருந்தே வெட்டி ஒட்டினார்கள். ஒரே தட்டு, இரண்டு பக்கம், பதினைந்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் இரண்டு ஹிட்.

ஸ்காவில் இது சர்வ சாதாரணம். பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் பாட்டை எடுத்து வாசிப்பார்கள், அதை ஒளிக்கவும் மாட்டார்கள். அதனால் இந்த இசைக்குள் நுழைய எனக்குத் தெரிந்த நல்ல வழி, பிடித்த ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு ‘இதை முதலில் யார் வாசித்தது?’ என்று பின்னாலேயே போவதுதான். ஸ்பெஷல்ஸின் ‘எ மெசேஜ் டு யூ ரூடி’யைக் கேட்டுவிட்டு டாண்டி லிவிங்ஸ்டனின் 1967 பதிவைக் கேளுங்கள். இரண்டிலும் டிராம்போன் வாசிப்பது ஒரே ஆள், ரிக்கோ ரோட்ரிக்ஸ். ஸ்பெஷல்ஸ் வாசித்த ‘மங்கி மேன்’ பிடித்தால் அது உங்களை ஜமைக்காக் குழுவான டூட்ஸ் அண்ட் தி மேய்ட்டல்ஸிடம் கொண்டுபோய் விடும். இப்படி நாலைந்து பாட்டு பின்னால் போனாலே ஜமைக்காவின் தலைநகரமான கிங்ஸ்டன் வந்துவிடும்.

கிங்ஸ்டன் வந்ததும் கொஞ்ச நாள் அங்கேயே தங்குங்கள் என்பேன். ஐம்பதுகளில் அங்கே ரேடியோ வாங்க வசதியில்லாத ஜனங்களுக்கு ‘சவுண்ட் சிஸ்டம்’தான் எல்லாம். வீட்டு அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கி, திறந்த வெளியில் விடிய விடிய அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளைப் போட்டு ஆடுவார்கள். டியூக் ரீட், காக்சன் டாட் என்று ஆளுக்கொரு சிஸ்டம், பெரிய போட்டி. அபூர்வமான தட்டு கிடைத்தால் அதன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், எதிராளி எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாதாம்! அப்புறம் அமெரிக்கா ராக் அண்ட் ரோல் பக்கம் போய்விட்டது, இவர்களுக்கு வேண்டிய மாதிரித் தட்டுகள் வரத்து குறைந்தது. சரி, நாமே பதிவு செய்துவிடலாம் என்று உள்ளூர் வாத்தியக்காரர்களை ஸ்டூடியோவுக்குள் கூட்டிப் போனார்கள். அமெரிக்கப் பாணியை வாசிக்க உட்கார்ந்தவர்கள், தாளத்தின் நடுவில் விழும் வெட்டை மட்டும் மேலும் மேலும் அழுத்தி வாசிக்க, அறுபதுகளின் தொடக்கத்தில் அது தனி இசையாகவே ஆகிவிட்டது. 1962 ஆகஸ்டில் ஜமைக்கா சுதந்திரம் வாங்கியபோது ஊர் முழுக்க ஒலித்தது இதுதான்.

அந்த வெட்டைக் காதால் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். காலால் தாளம் போட்டுக்கொண்டே வாயில் ‘தகதிமி தகதிமி’ என்று சொல்லுங்கள். ‘த’ வரும்போதெல்லாம் கால் தரையில் படட்டும். ஸ்காவில் கிடாரும் பியானோவும் ‘தி’யில் விழும். கால் மேலே இருக்கும்போது கிடார், கால் கீழே வரும்போது கிடார் இல்லை. இது ஒரு முறை பிடிபட்டால் போதும், ஸ்கா எங்கே ஒலித்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

கிங்ஸ்டனில் ஒரே ஒரு குழுவைத்தான் கேட்க நேரம் என்றால் ‘தி ஸ்கடலைட்ஸ்’. 1964 நடுவில் கூடி, 1965 நடுவில் கலைந்த குழு. அந்த ஒரு வருஷத்துச் சொச்சத்தில் அவர்கள் வாசித்துத் தள்ளியதற்குக் கணக்கே இல்லை, தங்கள் பெயரில் வாசித்தது போக மற்ற பாடகர்களுக்குப் பின்னணியும் அவர்கள்தான். பலர் கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலில் வாத்தியம் கற்றவர்கள். ஏழைப் பையன்களுக்கான அந்தப் பள்ளியில் ஒரு பேண்டு இருந்தது, அதிலிருந்து வந்த டிராம்போன், டிரம்பெட், சாக்ஸபோன் கலைஞர்கள் இல்லாமல் ஸ்காவே இல்லை. அங்கே படித்தவர்களில் பெரிய மேதை டான் டிரம்மண்ட். 1965 ஜனவரித் தொடக்கத்தில் தன் காதலியும் நடனக் கலைஞருமான மார்கரிட்டாவைக் கொன்ற வழக்கில் கைதாகி, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1969இல் அங்கேயே இறந்தார். அவருடைய ‘ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்’ கேளுங்கள். கீழே தாளம் துள்ளிக்கொண்டு ஓடும், மேலே டிராம்போன் அவசரமே இல்லாமல் சோகமாக நடக்கும். ஸ்கா என்றால் கும்மாளம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நான் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன்.

கே: ஸ்காவும் ரெகேவும் ஒன்றா? பாப் மார்லி ஸ்கா பாடியிருக்கிறாரா?
- வாசகி, மதுரை

ப: ஒன்று இல்லை, ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஸ்காதான் மூத்தது. 1966 வாக்கில் ஸ்காவின் வேகம் குறைந்து, பேஸ் கிடார் முன்னால் வந்து, ராக்ஸ்டெடி ஆனது. (அந்தக் கோடையில் வெயில் தாங்காமல் ஆடுகிறவர்கள் களைத்துப் போனதால்தான் வேகம் குறைந்தது என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.) 1968 சுமாருக்கு அது ரெகே ஆனது. மார்லி பாடியிருக்கிறார். வெய்லர்ஸ் குழுவின் முதல் ஹிட் ‘சிம்மர் டவுன்’ அசல் ஸ்கா, மார்லிக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பின்னால் வாசிப்பது யார் என்று பார்த்தால், வேறு யார், ஸ்கடலைட்ஸ் ஆட்கள்.

கே: ஸ்கா கேட்பவர்கள் என்று தேடினால் மொட்டைத் தலை, பூட்ஸ் என்று ஸ்கின்ஹெட் படங்களாக வருகின்றன. அவர்கள் இனவெறியர்கள் இல்லையா? கறுப்பர்களின் இசைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், சேலம்

ப: நியாயமான சந்தேகம். அறுபதுகளின் கடைசியில் லண்டனில் உருவான முதல் ஸ்கின்ஹெட்கள் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள். பக்கத்துத் தெருவில் குடியேறிய ஜமைக்காக்காரர்களின் உடையையும் இசையையும் பார்த்து மயங்கியவர்கள். ஸ்கின்ஹெட்களுக்கென்றே பாட்டுப் போட்ட ‘சிமாரிப்’ கறுப்பர்களின் குழுதான். அதற்காக எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். அதே கூட்டத்தில் ஆசியக் குடும்பங்களைத் தேடிப் போய் அடித்தவர்களும் இருந்தார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் நேஷனல் ஃப்ரண்ட் போன்ற வெள்ளை இனவாதக் கட்சிகள் இந்த இளைஞர்களைக் குறிவைத்து ஆள் சேர்த்தன. இன்றைக்கு நம் கண்ணில் படும் படம் பெரும்பாலும் அந்த இரண்டாவது கூட்டம்.

1979இல் ஸ்பெஷல்ஸின் கீபோர்டு கலைஞரான ஜெர்ரி டாமர்ஸ் கோவென்ட்ரியில் ‘டூ டோன்’ என்ற ரெக்கார்ட் கம்பெனியைத் தொடங்கியது இந்தச் சூழ்நிலையில்தான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அந்தச் சின்னம் வெறும் அழகுக்காக இல்லை. ஸ்பெஷல்ஸில் வெள்ளைக்காரர்களும் உண்டு, ஜமைக்காவில் பிறந்த நெவில் ஸ்டேப்பிளும் லின்வால் கோல்டிங்கும் உண்டு. ‘தி செலக்டர்’ குழுவில் பாலின் பிளாக் உட்படப் பெரும்பாலானவர்கள் கறுப்பர்கள். ‘தி பீட்’ குழுவில் சாக்ஸபோன் வாசித்த சாக்ஸா, உடன் வாசித்த பர்மிங்ஹாம் பையன்களைவிட வயதில் மிக மூத்த ஜமைக்காக்காரர். மேடையில் இப்படிச் சேர்ந்து நிற்பதே அந்த நாளில் ஒரு அரசியல். ஆனாலும் கூட்டத்துக்குள் நாஜி சல்யூட் அடித்துக் கலாட்டா பண்ண ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கோல்டிங்கே ஒரு இனவெறித் தாக்குதலில் அடிபட்டார். அதைப் பற்றி அவர் எழுதிய ‘வை?’ என்ற பாட்டு ஸ்பெஷல்ஸின் ‘கோஸ்ட் டவுன்’ தட்டில் இருக்கிறது.

‘கோஸ்ட் டவுன்’ பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம். ஆலைகள் மூடி, வேலை போய், இரவில் வெறிச்சோடிக் கிடக்கும் ஊரைப் பற்றிய பாட்டு. பேய்ப்படத்து ஆர்கன், நடுவில் வரும் ஊளை, எல்லாம் சேர்ந்து இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். 1981இல் இங்கிலாந்தின் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த வாரங்களில் அது அங்கே முதலிடத்தில் இருந்தது. அதோடு குழு உடைந்தது.

கே: என் மகன் கேட்கும் ஸ்கா பங்க்கில் ஒரே கத்தல். இதுவும் ஸ்காவா? இதில் நல்ல குழு ஏதாவது உண்டா?
- வாசகர், புதுச்சேரி

ப: உண்டு, மகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அமெரிக்காவில் பங்க் என்ற முரட்டு ராக்கின் கிடாரோடு ஸ்காவைக் கலந்தவர்களில் ‘ஆபரேஷன் ஐவி’ முக்கியமானவர்கள். கலிஃபோர்னியாவில் 1987 முதல் 1989 வரை, இரண்டே வருஷம்தான். ஒரே ஆல்பம், பெயர் ‘எனர்ஜி’, ஒலிப்பதிவு கரடுமுரடு, ஆனால் உயிர் இருக்கிறது. 1997 வாக்கில் ரேடியோவில் ஸ்கா பங்க் கொடிகட்டிப் பறந்தபோது வந்த பல குழுக்கள் எனக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. அந்த அலையில் ‘மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ்’ தேறுவார்கள், பாடகரின் கரகரத்த தொண்டை பழகக் கொஞ்ச நாள் ஆகும். இன்றைய ஆட்களில் ‘தி இன்டரப்டர்ஸ்’ கேட்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டுமானால், அதே அமெரிக்காவில் கத்தாமல் பழைய பாணியில் வாசிக்கும் ‘ஹெப்கேட்’, ‘தி ஸ்லாக்கர்ஸ்’ இருக்கிறார்கள். ஸ்லாக்கர்ஸ் நியூயார்க்காரர்கள், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கத் தோதானவர்கள். ஜப்பானில் ‘டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா’ எண்பதுகளிலிருந்து கோட்டு சூட்டோடு ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களை ஆல்பத்தில் கேட்பதைவிட மேடைக் காணொளியில் பாருங்கள். லத்தீன் அமெரிக்காவில் ஸ்காவுக்கு இருக்கும் கூட்டம் வேறு எங்கும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அர்ஜென்டினாவின் ‘லாஸ் ஃபபுலோசோஸ் கடிலாக்ஸ்’, மெக்சிகோவின் ‘பான்டியோன் ரொகோகோ’ இரண்டையும் ஒருமுறை முயலுங்கள், மொழி தெரியாதது ஒரு தடையே இல்லை.

கே: வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை. சேர்ந்து ஆட ஒரு பாட்டு?
- வாசகி, ஈரோடு

ப: மில்லி ஸ்மால் பாடிய ‘மை பாய் லாலிபாப்’. 1964இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை போன பாட்டு, இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், முடிந்ததும் குழந்தை ‘திரும்பப் போடு’ என்று கேட்கும். இதுவும் அமெரிக்காவில் 1956இல் பார்பி கே பாடியதன் மறுவடிவம்தான்.

கே: கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். நண்பன் கிடார். நாங்கள் ஸ்கா வாசித்துப் பழக முடியுமா?
- வாசகர், நாகர்கோவில்

ப: தாராளமாக. பேண்டு செட்டில் வாசிக்கிறவருக்கு மூச்சும் கூட்டத்தோடு சேர்ந்து ஊதும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கும், பாதி வேலை முடிந்தது. ஸ்பெஷல்ஸின் ‘எ மெசேஜ் டு யூ ரூடி’யின் தொடக்கத்தில் வரும் பித்தளை வாத்தியப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், எளிமையானது, மனசில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்கடலைட்ஸ். எல்லா ஊது வாத்தியங்களும் சேர்ந்து மெட்டை வாசிக்கும், பிறகு ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள், கடைசியில் மறுபடி எல்லாரும் மெட்டுக்கு வருவார்கள். ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியதில்லை, ‘தி’யில் சின்னச் சின்னதாக ஊதிக்கொண்டிருக்கலாம்.

நண்பரிடம் சொல்லுங்கள், கிடாரில் சத்தம் நீளக் கூடாது. கம்பிகளைக் கீழிருந்து மேலாக ஒரு வெட்டு, வெட்டிய உடனே இடது கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்திவிட வேண்டும். விரலை எடுத்துவிடக் கூடாது, கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ‘சக்’ என்று கேட்டால் சரி. முதலில் மெதுவாக வாசியுங்கள். வேகமாக வாசித்தால் வெட்டு தன்னையறியாமல் ‘த’வில் போய் விழும், அப்புறம் அது மார்ச் பாஸ்ட் ஆகிவிடும். டிரம்ஸுக்கு ஆள் கிடைத்தால் ஸ்கடலைட்ஸின் லாய்ட் நிப் வாசிப்பதைக் கேட்கச் சொல்லுங்கள், இரண்டாவது, நான்காவது தட்டுகளில் அவர் வைக்கும் அழுத்தத்தைக் கவனித்தால் மீதி தானாக வரும்.

கே: இந்தியாவில் ஸ்கா வாசிக்கிறவர்கள் உண்டா?
- வாசகர், சென்னை

ப: டெல்லியில் 2009இல் தொடங்கிய ‘தி ஸ்கா வெஞ்சர்ஸ்’. பாடகர்களில் ஒருவரான தரு டால்மியா, மேடையில் ‘டெல்லி சுல்தானேட்’ என்ற பெயரில் வருபவர், ஜமைக்கா பாணியில் ஒரு சவுண்ட் சிஸ்டமும் வைத்திருக்கிறார். ஆங்கிலப் பாட்டுகள், அரசியலும் நிறைய. சென்னையில் யாராவது வாசிக்கிறார்கள் என்றால் எழுதுங்கள், நானும் வந்து கேட்கிறேன்.