துரை வீட்டு நாய்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில், ‘கோப்பிக்கடையில் நடக்கும் போர்களில் யாரும் சாவதில்லை’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். காலையில் பசியாறும் கடையில் நண்பர்களோடு உலக அரசியல் பேசுவது என் வழக்கம். காபூல் விழுந்த நாளில், ‘இது இன்னொரு சைகோன், அமெரிக்கா மறுபடியும் தோற்றது’ என்றேன். அதில் என்ன தவறு? தோட்டத்தில் பிறந்தவனுக்கு உலகப் போரைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? அடுத்த மாதம் சுங்கை சிப்புட் வருகிறேன். நேரிலேயே சண்டை போடலாமா?

ஒரு வாசகர், கோலகங்சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அந்த வரி திமிரானதுதான். எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்திருக்க வேண்டும். நானும் தே தாரிக் ஆறிப்போகும்வரை பேசுகிறவன்தான்.

ஆனால் ‘இன்னொரு சைகோன்’ என்பதை விடமாட்டேன். சைகோன் தென்வியட்நாமின் தலைநகரம். 1973 ஜனவரியில், அமெரிக்கப் படை வெளியேற வழிசெய்த பாரிஸ் ஒப்பந்தத்தில் தென்வியட்நாமும் கையெழுத்திட்டது. மனமில்லாமல்தான், ஆனாலும் கையெழுத்து இருந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கப் படை வெளியேற தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்டபோது காபூல் அரசாங்கத்துக்கு நாற்காலியே போடவில்லை. அதன் சிறைகளில் இருந்த 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் இது கண்ணில் படாது. காற்பந்து முடிவைப்போல யார் வென்றது, யார் தோற்றது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அந்நியப் படைக்கு மொழிபெயர்த்துவிட்டு விசாவுக்குக் காத்திருந்தானே ஒருவன், 2021 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அவன் நம் பேச்சில் வருவதேயில்லை. சைகோனும் 1975 ஏப்ரல் 30இல் முடிந்துவிடவில்லை. மூன்று ஆண்டு கழித்து திரங்கானுவின் பீடோங் தீவில் அகதிகளாகப் படகு படகாக வந்து இறங்கியது. சில படகுகளை நம் நாடே மீண்டும் கடலுக்கு இழுத்துச்சென்று விட்டது. அதைப் பற்றி எந்தக் கோப்பிக்கடையிலும் கேட்ட நினைவில்லை.

அமெரிக்காவை விடுங்கள். 1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது, புலிகளோடு போரிட்டது, ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்தது, 1990 மார்ச்சில் கப்பலேறியது. இந்தியா செய்தது சரியா, புலிகள் செய்தது சரியா என்று நம் ஆட்கள் இன்றும் மேசையைத் தட்டுகிறார்கள். தட்டட்டும். அந்த ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கை அரசியலமைப்பில் வந்த பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளுக்குத் தருவதாகச் சொன்ன காவல், காணி அதிகாரங்கள் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. படை கிளம்புவதற்குமுன் ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்று வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்ட பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள், மேசை சட்டென்று அமைதியாகிவிடும். வடகிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்த வரதராஜப் பெருமாளுக்கு இந்தியா போக வழி இருந்தது. பையன்களுக்கு?

தோட்டத்தில் பிறந்தவனுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்பேனா? 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ விழுந்தது. என் தாத்தா அப்போது பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் சாமான்களை ஏற்றிப் புறப்படும்போது கணக்கு எழுதும் கிராணியைக் கூப்பிட்டு, நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கச் சொன்னாராம். லயத்து ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, துரையிடம் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. பிறகு ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். தாத்தாவின் அண்ணன் போனார், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதையில் எந்த இடத்தில் விழுந்தார் என்று சொல்ல ஆளில்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயரோடு வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். தாத்தா மறுபடி பெரட்டுக்கு, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய் நின்றார். “அதே துரையா?” என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். “வேறு துரை” என்றார். போரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவர் யார் தோற்றார் என்று ஒருநாளும் தொடங்கியதில்லை, நாயிலிருந்துதான் தொடங்குவார். அது கிராணி வீட்டுத் திண்ணையில் கிழமாகிச் செத்ததாம்.

சண்டைக்கு அவசியம் வாருங்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. திங்கட்கிழமை அடைப்பு. ஆறரை மணிக்குமுன் வந்தால் ஆப்பம் கிடைக்கும். பதின்மூன்றாவது திருத்தத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். நானும் இன்னொருமுறை படித்துவைக்கிறேன்.