தங்கு தடையின்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதற்காகச் சென்ற வாரம் பழைய சீட்டை எடுத்தபோது, குடியரசுத் தலைவரின் பெயரால் அதில் அச்சிடப்பட்டிருக்கும் வேண்டுகோளை முதல்முறையாக முழுவதும் படித்தேன். அதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' செல்ல விடவேண்டும் என்று இருக்கிறது. 'லெட்' என்றால் அனுமதித்தல் என்றே முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படியானால், 'அனுமதியும் தடையும் இல்லாமல்' என்றா பொருள்? ஒரு சொல் தனக்கே எதிர்ச்சொல்லாக மாறிவிட்டதா? இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

எந்தச் சொல்லும் மாறிவிடவில்லை. கடவுச்சீட்டில் இருப்பது நீங்கள் சொல்லிக்கொடுத்த 'லெட்' அன்று. அதன் உருவத்திலேயே வந்து நிற்கும் வேறொரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றொரு வினை இருந்தது. விட்டுவிடுதல், அனுமதித்தல் என்பவை அதன் பொருள்கள். 'லெட்டன்' என்று இன்னொரு வினையும் இருந்தது. அதற்குத் தாமதப்படுத்துதல், தடுத்தல் என்று பொருள். மெதுவான என்னும் பொருளுடைய ஓர் உரிச்சொல்லிலிருந்து பிறந்தது இந்த இரண்டாவது வினை. இன்று நாம் 'பஸ் லேட்' என்கிறோமே, அந்த 'லேட்'டும் அதே உரிச்சொல்லின் வழிவந்ததுதான். நூற்றாண்டுகளில் ஒலிகள் தேய்ந்து, இரண்டு வினைகளும் 'லெட்' என்ற ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன.

இரண்டும் அருகருகே வாழ்ந்ததைப் பார்க்க வேண்டுமானால் 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதல் வசனத்தில் மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் வந்து, 'லெட் மை பீப்பிள் கோ' என்று கர்த்தரின் சொல்லைத் தெரிவிக்கிறார்கள். நான்காம் வசனத்தில் எகிப்தின் அரசன், ஜனங்களை அவர்களுடைய வேலைகளிலிருந்து ஏன் 'லெட்' செய்கிறீர்கள் என்று அவர்களையே திருப்பிக் கேட்கிறான். முன்னது விடுவது, பின்னது வேலையைத் தடுப்பது; இடையில் இருப்பவை இரண்டே வசனங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில் (2:7) தடுத்துநிறுத்துகிறவனைக் குறிப்பதற்கும் இதே வினைதான் வருகிறது. அது பின்னாளில் படிப்பவர்களைக் குழப்பும் என்று கருதித்தானோ என்னவோ, 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் அங்கே வேறு வினையைப் போட்டுவிட்டார்கள். ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில் தந்தையின் ஆவியைத் தொடர்ந்து போகவிடாமல் நண்பர்கள் பிடித்து இழுக்கும்போது, என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று இளவரசன் சீறுகிறான். அங்கே அனுமதி என்று பொருள்கொண்டால் காட்சியே தலைகீழாகிவிடும்.

ஒரே உருவத்தில் இரண்டு பொருள்கள் நேரெதிராக நிற்க நேர்ந்தால் மொழி பெரும்பாலும் ஒன்றைக் கைவிட்டுவிடும். தடுக்கும் 'லெட்' அப்படித்தான் வழக்கொழிந்தது. 'ஹிண்ட்ரன்ஸ்' என்ற துணை இருப்பதால் கடவுச்சீட்டில் இன்னும் உயிர்பிடித்து நிற்கிறது. அது உண்மையில் உயிரோடு நடமாடும் இடம் விளையாட்டுத் திடல். டென்னிசில் சர்வீஸ் போட்ட பந்து வலையை உரசிக்கொண்டு போய் உரிய கட்டத்துக்குள்ளேயே விழுந்தால் 'லெட்' என்று அறிவித்து மறுபடி போடச் சொல்கிறார்கள். ஸ்குவாஷில் இது இன்னும் தெளிவு. நான்கு சுவர்களுக்குள் இருவரும் ஒரே தளத்தில் ஓடி ஆடுவதால் ஒருவர் மற்றவரின் வழியில் நிற்க நேரிடும். அப்போது ஆட்டத்தை நிறுத்தி, 'லெட் ப்ளீஸ்' என்று நடுவரிடம் முறையிடுவார்கள். 'தயவுசெய்து அனுமதியுங்கள்' என்று கெஞ்சுவதாகவே நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இடையூறு நேர்ந்துவிட்டது, அந்தப் புள்ளியை மீண்டும் ஆடவேண்டும் என்பதுதான் அந்த முறையீடு.

அனுமதிக்கும் 'லெட்'டுக்கு நம்மிடம் அச்சாக ஒரு வினை இருக்கிறது. போக விடு, அவனை விட்டுவிடு, வீட்டை வாடகைக்கு விடு என்று மூன்று இடங்களிலும் நாம் 'விடு' என்ற ஒரே வினையை ஆள்கிறோம். மூன்றிலும் ஆங்கிலம் 'லெட்'டை ஆள முடியும். நம் தெருக்களில் வாயிற்கதவில் தொங்கும் 'டு லெட்' பலகை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். 'தடையோ இடையூறோ இன்றி' என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் அரசாணையின் வாடை அடிக்கும். நாம் நாள்தோறும் சொல்லும் 'தங்கு தடையின்றி' இருக்கும்போது வேறெங்கும் தேடவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் உள்ளதைப் போலவே இதுவும் இணைச்சொல். 'லெட்'டுக்குள் 'லேட்' ஒளிந்திருப்பதைப் போல, இதன் 'தங்கு'வுக்குள்ளும் ஒரு தாமதம் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்