அப்பாவின் கிரியேட்டினின் 1.9: காமரங்காய்ச் சாறு கொடுக்கலாமா?

தங்கச்சி, நிலாவெளியில் இருக்கும் அப்பாவுக்குப் பிரஷரும் இருக்கிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.9 என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது கூடுதல். சிறுநீரகம் சுத்தமாகும் என்று அயலவர் சொன்ன காமரங்காய்ச் சாற்றை இன்றைக்கே நிறுத்துங்கள். அதில் சிறுநீரகத்தில் படிந்து கெடுக்கும் ஒக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். நரம்பைத் தாக்கும் நஞ்சும் உண்டு. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. தீராத விக்கல், குழப்பம், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிலிம்பிக்காய்ச் சாறும் வேண்டாம், அதிலும் ஒக்சலேட் அதிகம்.

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். நம்மூரில் கறிச்சட்டியை விட நெத்தலிக் கருவாடும், மாசிச் சம்பலும், ஊறுகாயும்தான் இதைக் கெடுக்கின்றன. பச்சை மீன் இவ்வளவு கிடைக்கும் ஊரில் கருவாட்டை விடுவது பெரிய இழப்பில்லை. மீனையும் அளவாகக் கொடுங்கள். கடையில் விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பு வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கும்; சிறுநீரகம் பழுதானால் அது இரத்தத்தில் தேங்கிவிடும். இளநீரும் அப்படித்தான், இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் போடுகிறார் என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். டொக்டரிடம் சொல்லி மாற்று கேளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்ணீரை அளவில்லாமல் குடிக்க வைக்கவும் வேண்டாம். கால் வீக்கம் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள்.