அப்பாவின் ரிப்போர்ட்டில் 'ஆல்ஃபா' என்று இருக்கிறதே, ஆபத்தா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். விடாத தலைவலி, காய்ச்சல். முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளை உறையைத் தாக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆய்வுக்கூட அறிக்கையில் 'இனச்சேர்க்கை வகை: ஆல்ஃபா' என்று இருக்கிறது. ஆல்ஃபாவுக்கு வீரியம் அதிகம் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இது எங்களுக்கும் தொற்றுமா?

பதில்: தொற்றாது. மண்ணிலும் பறவை எச்சத்திலும் மரங்களிலும் வாழும் இந்தப் பூஞ்சை மூச்சுக்காற்றோடு உள்ளே போகிறது. ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை. தயங்காமல் அப்பா பக்கத்திலேயே இருங்கள்.

இனி ஆல்ஃபா. இந்தப் பூஞ்சையில் 'ஏ', 'ஆல்ஃபா' என இரண்டு இனச்சேர்க்கை வகைகள் உண்டு. ஆண், பெண் என்று இவற்றைப் பிரிக்க முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் மரபணுத் தொகுதியின் ஒரே ஒரு பகுதியில். 20-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. இந்த இரு வகைகளும் இணைவதை 1975-ல் கண்டறிந்தவர் குவான்-சுங் என்ற பெண் விஞ்ஞானி. அந்தப் பகுதியைத் தவிர மற்ற மரபணுக்களெல்லாம் ஒன்றாக இருக்கும்படி வளர்த்த இரு வகைகளை எலிகளுக்குச் செலுத்தி, அவரது குழு 1992-ல் முடிவை வெளியிட்டது. ஆல்ஃபா செலுத்திய எலிகள் சீக்கிரம் இறந்தன. நீங்கள் படித்த செய்தியின் வேர் அதுதான்.

ஆனால் அந்த எலிகளுக்குக் கொடுத்தது இந்தப் பூஞ்சையின் 'டி' பிரிவை. மனிதர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது 'ஏ' பிரிவு (பெயர்தான் குழப்புகிறது, இது வேறு 'ஏ'). அதில் இதே சோதனையைச் செய்தபோது, தனித்தனியாகச் செலுத்திய இரு வகைகளுக்கும் வீரியம் ஒன்றாகவே இருந்தது. இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் ஆல்ஃபா மூளைக்குள் அதிகம் போனது.

இதைவிட முக்கியமான ஒன்று: நோயாளிகளிடமிருந்து எடுக்கும் கிரிப்டோகாக்கஸில் மிகப் பெரும்பான்மை ஆல்ஃபாதான். இயற்கையிலும் அப்படியே. இணை கிடைக்காவிட்டால் ஆல்ஃபாவும் ஆல்ஃபாவுமே சேர்ந்து இனம்பெருக்கும் என்று 2005-ல் தெரியவந்தது. ஆகவே இந்த நோயிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்களைக் கேட்டாலும், ஏறக்குறைய எல்லோருக்கும் வந்தது ஆல்ஃபாதான். அந்த ஒரு சொல்லை வைத்து அப்பாவின் நிலைமையைக் கணிக்க முடியாது. மருந்தும் அதனால் மாறாது.

நோய் கடுமையானது, அதை மறைக்க மாட்டேன். பூஞ்சையைச் சுற்றியுள்ள சர்க்கரை உறை, மெலனின் நிறமி, உடல் சூட்டில் வளரும் திறன் ஆகியவைதான் அதன் உண்மையான ஆயுதங்கள். அதற்கு எதிராக, குறைந்தது இரண்டு வாரம் ஆம்போடெரிசினும் ஃப்ளுசைட்டோசினும், பிறகு மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோலும் தருவது வழக்கம். ஃப்ளூகோனசோல், மாற்று சிறுநீரகத்துக்காக உட்கொள்ளும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். அப்பா அந்த மாத்திரை எடுக்கிறாரென்றால் ரத்த அளவைப் பார்த்து டோஸை மாற்றுவார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து, மூளையின் வீக்கமும் கூடலாம்.

டாக்டரிடம் நாளை கேளுங்கள்: மூளை நீரின் (முதுகில் எடுத்துப் பார்த்த அதே நீர்) அழுத்தம் எவ்வளவு? அது 25 சென்டிமீட்டரோ (அழுத்தத்தை நீர்மட்டத்தின் உயரமாகச் சொல்வார்கள்) அதற்கு மேலோ இருந்து தலைவலியும் இருந்தால், மறுபடி மறுபடி நீரை எடுத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். முதுகில் ஊசி என்றதும் பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. நீங்கள் மறுக்காதீர்கள். பார்வை மங்கினாலோ, பேச்சில் தடுமாற்றம் வந்தாலோ, தலைவலி கூடினாலோ இரவென்றாலும் உடனே சொல்லுங்கள்.