விளக்கு அணைந்துவிட்டால் ஏர்பேக் சரியாகிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: போன மாதம் திருச்சி சாலையில், முன்னால் போன வேன் திடீரென்று நின்றதில் எங்கள் கார் அதன் பின்னால் மோதியது. முன்பக்க ஏர்பேக் இரண்டும் விரிந்துவிட்டன. எங்களுக்குப் பெரிய அடி இல்லை. தெரிந்த மெக்கானிக், சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் ஏர்பேக் வாங்கி மாட்டி, மாட்யூலை (ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) ரீசெட் செய்து, மீட்டரில் எரியும் விளக்கையும் அணைத்துத் தருகிறேன் என்கிறார். சீட் பெல்ட் நன்றாக இழுபடுவதால் மாற்ற வேண்டாமாம். செய்யலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: செய்யாதீர்கள். நான்கு பேரை உட்காரவைத்து ஓட்டப்போகிற வண்டி இது. அவர் சொல்கிற ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் விளக்கு. சாவியைத் திருப்பியதும் மாட்யூல் ஒவ்வொரு ஏர்பேக் வயரிலும் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, மின்தடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். பெரும்பாலும் அது 2 ஓம் அளவில் இருக்கும். அங்கே ஏர்பேக்கே இல்லாமல், அதே மின்தடை உள்ள, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டரைச் சொருகினாலும் மாட்யூல் ஏமாந்துபோய் விளக்கை அணைத்துவிடும். இன்னும் மோசமாக, பல்பையே பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு. சாவி போட்டவுடன் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், ஆயில் விளக்கோடு சேர்ந்தே எரிந்து அணைகிறது என்றாலும் வயரிங்கில் யாரோ கைவைத்திருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது சீட் பெல்ட். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பெல்ட் போட்டிருக்கிற உடம்பைக் கணக்கில் வைத்துத்தான் ஏர்பேக்கையே வடிவமைக்கிறார்கள். முன்சீட் பெல்ட்களில் பெரும்பாலும் பிரீடென்ஷனர் இருக்கும். மோதிய கணத்தில் சிறு வெடிமருந்து வெடித்து பெல்ட்டை உடம்போடு இறுக்கிவிடும். அது ஒருமுறைதான் வேலை செய்யும். பெல்ட் சுருளும் உருளைக்குள் ஒரு இரும்புக் கம்பியும் உண்டு. மார்பு எலும்பு நொறுங்காமல் இருக்க, அந்தக் கம்பி ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு பெல்ட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முறுக்கிக்கொண்ட கம்பி மறுபடி நேராகாது. ஆனால் வெளியே இழுத்த பெல்ட்டை உள்ளே சுருட்டுவது வேறு ஸ்பிரிங்கின் வேலை. அதனால் "நன்றாக இழுபடுகிறது" என்பது எதற்கும் ஆதாரம் ஆகாது.

நீங்களே பார்க்கலாம். பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து வெயிலில் பிடியுங்கள். தோளுக்கு மேலே இருக்கும் வளையத்தில் உரசிய இடம் பளபளவென்று, இழை உருகியதுபோல் இருக்கும். ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கலாம். சில வண்டிகளில் பெல்ட்டைச் சொருகும் பக்கிளே கீழே இறங்கி, அதன் ரப்பர் உறை சுருங்கியிருக்கும். இதில் ஒன்று இருந்தாலே முழு செட்டையும் மாற்ற வேண்டும். எந்தக் குறியும் தெரியாவிட்டாலும், ஏர்பேக் விரிந்த விபத்தில் ஆள் போட்டிருந்த பெல்ட்டை நான் மாற்றத்தான் சொல்வேன், பின்சீட் உட்பட. தையல்காரரிடம் கொடுத்துத் தைப்பது கூடவே கூடாது.

பழைய ஏர்பேக் எந்த வண்டியில் இருந்து வந்தது, அது வெள்ளத்தில் நின்ற வண்டியா, ரீகால் ஆன (கோளாறுக்காகக் கம்பெனி திரும்ப அழைத்த) வண்டியா என்பதெல்லாம் கடைக்காரருக்கே தெரியாது. டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்குகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கெட்டுப்போய், விரியும்போது உலோகக் கூடே உடைந்து துண்டுகள் ஆட்களின் மேல் பாய்ந்தன. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். நம் கடலோர ஊர்களின் வெக்கையும் புழுக்கமும் அதே மாதிரியானவைதான்.

மாட்யூலுக்கு என்ன செய்வது என்று அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும். ஏர்பேக் விரிந்த பின் புதிது போடச் சொல்பவையே அதிகம். ரீசெட் செய்து விபத்துப் பதிவை அழித்துவிட்டால் உள்ளே இருக்கும் பாகங்கள் நலமாக இருக்கின்றன என்று ஆகிவிடாது. பம்பருக்குப் பின்னால் இருக்கும் சென்சார், அதைத் தாங்கும் தகடு, ஸ்டியரிங்குக்குள் ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் வயரான கிளாக் ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த டேஷ்போர்டை ஃபைபர் வைத்து ஒட்டி ரெக்சின் போர்த்துவார்கள், பார்க்க அழகாக இருக்கும். அடுத்த முறை பை வெளியே வர வழி கிடைக்காது, அல்லது அந்த ஃபைபர் துண்டே முகத்தில் வந்து அடிக்கும்.

வேலை செய்பவருக்கும் சில விஷயங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய உடனே கை வைக்கக் கூடாது. மாட்யூலுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கும். மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும், சில வண்டிகளுக்கு அது 10 நிமிடம். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர். அதில் டெஸ்ட் லேம்ப்போ சாதாரண மல்டிமீட்டரோ வைக்கவே கூடாது, மீட்டரின் சிறு மின்சாரமே வெடிக்க வைக்கலாம். வெடிக்காத ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடி உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். மேசையில் வைத்தால் மூடி மேல்நோக்கி இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் வெடிக்கும்போது மொத்தமும் கூரைக்குப் பறக்கும். விரிந்த பையில் ஒட்டியிருக்கும் தூள் கண்ணையும் தோலையும் எரிக்கும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். எல்லாம் முடிந்து பேட்டரியை மறுபடி மாட்டும்போது வண்டிக்குள் ஒருவரும் உட்காரக் கூடாது. கழற்றிய, வெடிக்காத பிரீடென்ஷனரைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். யாராவது கேஸ் கட்டரை வைத்துவிடுவார்கள்.

சரி, பணம்? இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'ஓன் டேமேஜ்' (உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால் ஏர்பேக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத் தருவார்கள். நில் டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) சேர்த்திருந்தால் அந்தக் கழிவு இருக்காது. எஸ்டிமேட்டில் பெரும்பாலும் ஏர்பேக் மட்டும் இருக்கும், பெல்ட் விட்டுப்போயிருக்கும். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்போது மேலே சொன்ன உரசல் குறிகளைப் போட்டோ எடுத்துக் காட்டி, பெல்ட், பக்கிள், மாட்யூல் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பிரித்த பிறகு ஏதாவது தெரியவந்தால், புதுப் பாகம் மாட்டுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள், மாட்டிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். வண்டியை எடுக்கும்போது பாக எண் போட்ட பில், கழற்றிய பழைய பெல்ட், மாட்யூலில் கோளாறு பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பழைய பெல்ட்டை இன்ஷூரன்ஸ்காரர் எடுத்துக்கொண்டால், அதன் போட்டோவாவது உங்களிடம் இருக்கட்டும்.