பழைய பத்திரிகைக் கோப்புகள் எதில் திறக்கும்?

வணக்கம் ஐயா. கும்பகோணத்தில் அச்சகத்துக்குப் புதுக் கணினி வாங்க வேண்டும், மகன் ஆப்பிளின் மேக்தான் என்கிறார், கூட்டாளி விண்டோஸை விடமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மயிலாடுதுறையில் நானும் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன்.

உங்கள் பழைய கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் கடைக்கு விண்டோஸ்தான். 1985இல் பேஜ்மேக்கர் பிறந்ததே மேக்கில்தான். ஆனால் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அது நின்றுவிட்டது, இன்றைய மேக்கில் ஓடாது. என் விண்டோஸ் கணினியில் இன்னும் ஓடுகிறது. ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது, அக்காள் பத்திரிகையைத் திறந்து தங்கையின் பெயரைப் போட்டுத் தாருங்கள் என்று மஞ்சள் தடவிய பழைய பிரதியோடு வந்து நிற்பார்கள். கோப்பு திறக்காவிட்டால் அன்றைய பிழைப்பு போயிற்று. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் மணமகள் பெயரே ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2020 முதல் வந்த ஆப்பிள் சில்லு மேக்புக்குகள் மின்வெட்டில் மணிக்கணக்காகத் தாங்குகின்றன. புது வடிவமைப்புகளை அவர் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் செய்து பிடிஎஃப் ஆகத் தரட்டும். அதை எந்தக் கணினியிலும் அச்சுக்கு அனுப்பலாம்.

எதை வாங்கினாலும், பழைய கணினியைக் கழற்றுமுன் கோப்புகளோடு எழுத்துருக்களையும் வெளிவட்டில் படியெடுத்துவிடுங்கள்.